அளவு ரவிக்கை

நாரிஸ் சாலை, சிங்கப்பூர்
12 மார்ச் 1961

அன்புள்ள தங்கத்துக்கு,

நான் தலைக்குச் சாயம் பூசுகிறேன் என்று உங்கள் ஊர்வரை பேச்சு வந்திருப்பதாக அறிகிறேன். புக்கிட் மேரா ரத்தினம்மா உங்களிடம் வந்து தங்கியபோது சொல்லியிருப்பாள். உன் அண்ணன் காலமான பிறகு என் நெற்றி முடி வெளுத்ததாம், கொண்டை மட்டும் வெளுக்கவில்லையாம், அறுபத்தாறு வயதில் இது எதற்கு என்று கேட்கிறாளாம். என் தலைமுடியில் இன்றுவரை ஒரு துளி சாயம் பட்டதில்லை. இதை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டு.

இனி, நீயும் மாப்பிள்ளையும் கண்மணியும் எப்படி இருக்கிறீர்கள்? பொங்கலுக்கு உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. எனக்கு முழங்கால் வலியைத் தவிர குறை இல்லை.

எழுத வந்தது வேறு. உன் அண்ணனோடு தஞ்சோங் பகாரில் துறைமுக அலுவலகத்தில் இருந்த நூருல் அமீனை உனக்கு நினைவிருக்கும். உபின் தீவில் கடலை ஒட்டி அவருக்கு ஒரு சின்ன பங்களா இருக்கிறது. ஆகஸ்டில் பத்து நாள் நமக்குத் தருகிறார். பொங்கோல் கடைசிவரை பஸ்ஸில் போய் அங்கிருந்து படகு பிடிக்க வேண்டும். உன் அண்ணன் இருந்தபோது மூன்று பேராகப் போவதாக இருந்தோம். இப்போது இரண்டு பேராகப் போவோம். சமைக்க ஆள் தேடி உன்னைக் கூப்பிடுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதே. பக்கத்துக் கம்பத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் வந்து சமைப்பாள்.

நீ வேண்டாததையெல்லாம் பெட்டியில் திணித்துவிட்டு வேண்டியதை மறப்பவள். ஆகவே இப்போதே சொல்லிவிடுகிறேன். வாயில் புடவைகள் நான்கு போதும். நைலான் வேண்டாம், உப்புக் காற்றில் உடம்போடு ஒட்டும். கடலில் குளிக்க இரண்டு கைலி, கட்டாயம் இருண்ட நிறம். வெளிர் நிறம் நனைந்தால் மரியாதையாக இராது. காலுக்கு ரப்பர் சப்பாத்து, ஏனென்றால் அங்கே கரையெல்லாம் சிப்பி. தலைக்கு அகலமான ஓலைத் தொப்பி. தொப்பி வெள்ளைக்காரிக்குத்தான் என்று நினைக்காதே, வெயில் ஆள் பார்த்து அடிப்பதில்லை. அயோடின், பஞ்சு, கோடாலித் தைலம், ஓமத் தண்ணீர் இவற்றை நான் கொண்டுவருகிறேன். கொய்னா மாத்திரையை உங்கள் ரயில்வே டிஸ்பென்சரியில் வாங்கி வா.

ரவிக்கைகளை நானே தைக்கிறேன். அளவு ரவிக்கை ஒன்று தபாலில் அனுப்பு.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அண்ணி சிவகாமசுந்தரி


ஸ்டேஷன் மாஸ்டர் குவார்ட்டர்ஸ், தாப்பா ரோடு
29 மார்ச் 1961

பிரியமுள்ள அண்ணிக்குத் தங்கம் வணக்கம் சொல்லி எழுதுவது.

நாங்கள் மூவரும் சௌக்கியம். முழங்காலுக்கு நல்லெண்ணெய் சூடாக்கித் தடவுங்கள். தடவ மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "சாயமில்லன்னு உங்க அண்ணி எழுதிட்டாங்கன்னா இல்லதான். கோர்ட்டு தீர்ப்பு மாதிரி" என்றார் இவர். பெட்டி விவரத்தைக் கேட்டுவிட்டு, "இது லீவுக்குப் போறதா, படையெடுப்பா?" என்றார். எனக்கு அந்தக் கொண்டைமேல் சின்ன வயதிலிருந்தே பொறாமை. ஒரு கையில் அடங்காத முடி. என்னுடையது எலி வால்.

தை மாதம் எனக்குக் கொஞ்சம் காய்ச்சல். ஈப்போ ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு வந்தேன். அதனால்தான் பொங்கலுக்கு எழுதவில்லை. இப்போது ஒன்றுமில்லை.

உபின் தீவு என்றதும் கடல் வாசனையே வந்துவிட்டது. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தபிறகு கடலில் கால் நனைத்ததே இல்லை. அண்ணன் என் வயிற்றைத் தாங்கிப் பிடித்து நீந்தப் பழக்கியது நினைவிருக்கிறதா? "கைய விடமாட்டேன், கைய விடமாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே விட்டுவிடுவார்.

கண்மணிக்குக் கிள்ளானில் ஒரு இடம் பேசிக்கொண்டிருக்கிறோம். நல்ல பையன், பள்ளிக்கூட வாத்தியார். அந்தப் பேச்சு எப்படிப் போகிறதோ, அதைப் பொறுத்துத்தான் நான் வருவது. பார்க்கலாம் அண்ணி.

ஒன்று கேட்கிறேன், சிரிக்காதீர்கள். அங்கே குளியலறைக்கு உள்தாழ்ப்பாள் உண்டா? நாம் இரண்டு பேரும் ஒரே அறையிலா படுக்க வேண்டும்? ரவிக்கை எதற்கு, பழசு நிறைய இருக்கிறது.

உங்கள் அன்பை மறவாத,
தங்கம்


நாரிஸ் சாலை, சிங்கப்பூர்
8 ஏப்ரல் 1961

அன்புள்ள தங்கத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைக்கும் காய்ச்சல் கொஞ்சம் காய்ச்சல் ஆகாது. என்ன காய்ச்சல் என்று நீ எழுதவில்லை. இப்போது உடம்பு தேறியிருக்கிறதா? கண்மணிக்கு நல்ல இடம் அமைய என் ஆசீர்வாதம்.

"பார்க்கலாம்" என்று எழுதியிருக்கிறாய். அது பதில் இல்லை.

தாழ்ப்பாளைப் பற்றி நூருல் அமீனிடம் கேட்டேன். உண்டு. ஆனால் இதைக் கேட்பது நீயா என்று எனக்கு ஆச்சரியம். என் கல்யாணத்தன்று பட்டுப் பாவாடையைப் படிக்கட்டில் கழற்றிப் போட்டுவிட்டுத் தஞ்சோங் பகார் கடலில் குதித்தவள் நீ. மாப்பிள்ளைத் தோழர்கள் ஐந்து பேர் உன்னைத் தேடினார்கள். படுக்கும் அறை ஒன்றுதான், கட்டில் இரண்டு, கொசுவலை இரண்டு. குளியலறையில் சாமான் வைக்க நல்ல அகலமான பலகை இருக்கிறதாம்.

ரவிக்கை வேண்டாம் என்பதை நான் ஏற்கவில்லை. உன் பழைய ரவிக்கைகள் எல்லாம் முதுகை இறுக்கிப் பிடிப்பவை. துணிகூட வாங்கியாயிற்று. சிராங்கூன் சாலையில் அப்துல் கையூம் கடைக்குப் போய்ச் சாயம் போகாத பாப்ளின் கேட்டேன்.

"கடல்ல குளிக்கிறதுக்கா பாப்ளினு? மீனெல்லாம் எந்திரிச்சு நின்னு சலாம் போடும் லா" என்றார்.

"உப்புத் தண்ணீரில் சாயம் போனால் துணியோடு திரும்பி வருவேன்" என்றேன்.

"நீங்க வருவீங்கம்மா. அதுக்குப் பயந்துதான் நல்ல துணியா எடுக்கிறேன்."

கருநீலம் எடுத்திருக்கிறேன். அளவு ரவிக்கை வந்தால்தான் வெட்ட முடியும். உத்தேசமாக வெட்டும் பழக்கம் எனக்கு இல்லை. கான்வென்ட்டில் மதர், அளவில்லாமல் கத்தரிக்கோலைத் தொட்டால் விரலில் தட்டுவார்.

உடனே அனுப்பு.

அன்புடன்,
அண்ணி


தாப்பா ரோடு
26 ஏப்ரல் 1961

பிரியமுள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலமாயிருக்கப் பிள்ளையாரை வேண்டுகிறேன்.

நீங்கள் விடமாட்டீர்கள். பழைய ரவிக்கை ஒன்று பெட்டியடியில் இருந்தது, அதை எடுத்து அனுப்பச் சொல்லிக் கண்மணியிடம் விட்டுவிட்டுக் கோயிலுக்குப் போனேன். அவளே பொட்டலம் கட்டித் தபாலில் போட்டுவிட்டாள். நிதானமாகத் தையுங்கள், கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கிள்ளானிலிருந்து அடுத்த மாதம் பெண் பார்க்க வருகிறார்கள். வீட்டுக்கு வெள்ளையடிக்கிறோம்.

தங்கம்


நாரிஸ் சாலை, சிங்கப்பூர்
6 மே 1961

அன்புள்ள தங்கத்துக்கு,

இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது. இரண்டு நாளாக மழை.

அளவு ரவிக்கை வந்து சேர்ந்தது. இது பெட்டியடியில் கிடந்ததல்ல, நீ இப்போது உடுத்துவது என்று பார்த்ததும் தெரிந்தது. ஆகவே அளவை மட்டும் எடுத்துக்கொண்டு இன்றே பதிவுத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். உனக்கு அது வேண்டியிருக்கும்.

அதில் உள்ள தையலைப் பற்றி மட்டும் சொல்கிறேன். இடப்பக்க உள்துணியில் பஞ்சை நேராக வைத்துத் தைத்திருக்கிறாய். துவைத்தால் பஞ்சு திரண்டுபோகும், சீக்கிரம் உலராது. ஈரம் தோலில் படக் கூடாது. இலவம் பஞ்சைத் தனிப் பையாகத் தைத்து, உள்ளே சொருகி எடுக்கும்படி வைத்துக்கொள்வதுதான் சரி. பையை மட்டும் எடுத்து வெயிலில் போடலாம். மெல்லிய மல் துணியில் அப்படி மூன்று பைகள் தைத்து ரவிக்கைக்குள் மடித்து வைத்திருக்கிறேன்.

நான் முன்பு எழுதியதில் சில மாற்றங்கள். கைலி வேண்டாம். மார்பில் முடிச்சுப் போட்டுக் கட்டுவது எப்போதுமே நம்பத் தகுந்த ஏற்பாடு இல்லை. அதற்குப் பதிலாகத் தோளிலிருந்து முழங்கால்வரை தொங்கும் குளியல் அங்கி ஒன்று அந்தக் கருநீலத் துணியில் தைக்கிறேன். முன்பக்கம் பெரிய பொத்தான்கள், ஒரு கையாலேயே போடலாம். இடது கைப்பகுதியைத் தாராளமாக வெட்டுகிறேன். ரவிக்கைகளுக்கும் கொக்கி முன்னால்தான். டாக்டர் ஏதாவது களிம்பு தந்திருந்தால் அதையும் கொண்டு வா.

நீ சொல்லாத எதையும் நான் கேட்கவில்லை. பொட்டலத்தைப் பிரித்தது நான். வேறு யாரும் பார்க்கவில்லை.

கண்மணியைப் பெண் பார்க்க வரும்போது அந்த மாம்பழ நிறப் பட்டுப் புடவையை உடுத்தச் சொல்.

அன்புடன்,
அண்ணி


தாப்பா ரோடு
15 மே 1961

அண்ணிக்கு வணக்கம்.

ரவிக்கை வந்தது. இவருக்கு ஆகஸ்டில் லீவு இல்லை. வீட்டைப் போட்டுவிட்டு என்னால் வர முடியாது. கடல் தண்ணீரும் எனக்கு இனி ஒத்துக்கொள்ளாது. நூருல் அமீன் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். தைத்துச் சிரமப்பட வேண்டாம்.

தங்கம்


நாரிஸ் சாலை, சிங்கப்பூர்
24 மே 1961

அன்புள்ள தங்கத்துக்கு,

தந்திபோல எழுதியிருக்கிறாய். உடம்பு எப்படி இருக்கிறது என்றுகூட அதில் இல்லை.

மாப்பிள்ளைக்கு லீவு இல்லாமல் இருக்கலாம். அவரை நான் கூப்பிடவில்லை. அவருக்குச் சோறு ஆக்கக் கண்மணி இருக்கிறாள்.

எனக்குக் கோபம் இல்லை. நீ கோபமாக இருக்கலாம். என் கடிதத்தைப் பதினைந்து வரியில் முடித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. நான் துணியைப் பார்த்தால் தையலைப் பற்றித்தான் பேசுவேன். வேறு எப்படிப் பேசுவது என்று எனக்கு வராது. உன் அண்ணனுக்கு இது தெரியும், உனக்கும் தெரியும் என்று நினைத்தேன்.

அங்கியின் கழுத்துப்பட்டி முடிந்துவிட்டது. கழுத்தைச் சற்று உயர்த்தியே வைத்திருக்கிறேன். பொத்தான் தைப்பதுதான் பாக்கி.

அன்புடன்,
அண்ணி


நாரிஸ் சாலை, சிங்கப்பூர்
28 ஜூன் 1961

அன்புள்ள தங்கத்துக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. நலமாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நேற்று நூருல் அமீன் வீட்டுக்கு வந்தார்.

"மிஸஸ் சுந்தரம், ஒரு ஆளா, ரெண்டு ஆளா? படகுக்காரன் தினம் கேக்கிறான் லா."

"இரண்டு."

"தங்கம் வராதுன்னு ரத்தினம்மா சொன்னாங்களே?"

"ரத்தினம்மா என் வீட்டில் யார் வருவார் யார் போவார் என்று சொல்லும் வேலையில் எப்போது சேர்ந்தாள்?"

அவர் காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். ரத்தினம்மாவுக்கு எதுவும் தெரியாது. நீ வரவில்லை என்பதை அவளிடம் சொன்னது நான்தான். வீட்டு வேலை என்று மட்டும் சொன்னேன்.

உனக்குப் பிடித்த ஓமப்பொடி செய்யக் கடலைப் பருப்பும் அரிசியும் அரைக்கக் கொடுத்திருக்கிறேன். வந்தால் நீ தின்னலாம், வராவிட்டால் பொட்டலம் வரும்.

அண்ணி


தாப்பா ரோடு
10 ஜூலை 1961

பிரியமுள்ள அண்ணிக்கு,

நான் நலம் என்று எழுதிப் பழகிவிட்டது. இன்றைக்கு அதை எழுதாமல் ஆரம்பிக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி?

ஜனவரியில் இடது மார்பை எடுத்துவிட்டார்கள். கட்டி இருந்தது. எடுத்தது போதும், இனிப் பயமில்லை என்று டாக்டர் சொல்கிறார். இவருக்கும் கண்மணிக்கும் மட்டும்தான் தெரியும். கிள்ளான்காரர்கள் காதில் விழுந்தால், தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று போய்விடுவார்கள். அதனால் காய்ச்சல் என்றே எல்லாருக்கும் சொன்னோம். உங்களுக்கும் சொன்னேன். உங்களுக்குப் பொய் எழுதியது இதுதான் முதல் தடவை, அது உடனே அகப்பட்டது.

அந்த ரவிக்கை திரும்பி வந்ததைப் பார்த்ததும் கண்மணியைத் திட்டினேன். "பெட்டியடியில இருக்கிறத அனுப்புன்னு சொன்னேனே, எதை அனுப்பியிருக்கே?"

அவள் அசையவில்லை. "அளவுன்னா இப்ப உள்ள அளவுதானேம்மா? பழைய அளவுக்கு அத்தை தைச்சு அனுப்பினா நீ எப்படிப் போடுவே?"

 ரவிக்கையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

உங்கள்மேல் கோபமில்லை அண்ணி. வெட்கம். நீங்கள் தைத்த பைகளைத்தான் வைத்துக்கொள்கிறேன். உறுத்துவதில்லை. கைலி வேண்டாம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று குளிக்கப் போய் எப்போதும்போலக் கைலியை மார்பில் ஏற்றிக் கட்டினேன். நழுவி விழுந்தது. மறுபடி கட்டினேன், மறுபடி விழுந்தது. வெட்டினார்கள், தையல் போட்டார்கள், அதெல்லாம் தாங்கினேன். கைலி நிற்கவில்லை என்பதைத் தாங்க முடியவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு எப்படித் தெரிந்தது?

இடது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாது. கண்மணிதான் தலை வாரிவிடுகிறாள். கையை ஆட்டினால்தான் சரியாகும், கடலில் நீந்தினால்கூட நல்லது என்கிறார் டாக்டர். இவரும் போ, போ என்கிறார். "உங்க அண்ணியப் பார்க்க எனக்கு டிக்கெட் போடு, இல்லாட்டி நீ போ" என்று தினம் ஒரு தடவை சொல்கிறார்.

எனக்குக் கடல்மேல் ஆசை இருக்கிறது. ஆனால் நீங்கள் உங்கள் கொண்டையும் மடிப்புக் கலையாத புடவையுமாகக் கரையில் நிற்பீர்கள், நான் பக்கத்தில் இப்படி நிற்பேன். ஒரே அறையில் உடை மாற்ற வேண்டும். நீங்கள் ஒன்றும் சொல்லமாட்டீர்கள். பார்க்கத்தானே செய்வீர்கள். 

என்ன சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

தங்கம்


நாரிஸ் சாலை, சிங்கப்பூர்
17 ஜூலை 1961

என் தங்கத்துக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நல்லெண்ணெய் தடவினேன்.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு அடுப்பில் போட்டேன். என் வாயிலிருந்து கிள்ளானுக்கோ புக்கிட் மேராவுக்கோ எதுவும் போகாது.

எப்படித் தெரிந்தது என்று கேட்டாய். கைலி எங்கே நிற்கும் என்று நானும் ஒரு பெண்ணாகத் தெரிந்து வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன். இதை வீட்டில் படித்துக் காட்டாதே.

ஜப்பான்காரன் காலத்தில் எனக்கு டைபாய்டு வந்தது உனக்குத் தெரியும். அப்போது என் முடி முழுவதும் கொத்துக் கொத்தாக உதிர்ந்தது உனக்குத் தெரியாது. நீங்கள் அங்கே இருந்தீர்கள், போக்குவரத்து இல்லை. உன் அண்ணன் தலையணையிலிருந்து அதைப் பொறுக்கிப் பொறுக்கித் துணியில் முடிந்து வைத்தார். பிறகு ஒரு கிழவியிடம் கொடுத்துச் சவுரி கட்டி வாங்கி வந்தார். நீ பொறாமைப்படும் கொண்டை அதுதான். எனக்குத் திரும்ப வளர்ந்தது உன் எலி வாலைவிட மெல்லியது.

ஆகவே நான் சாயம் பூசவில்லை என்று எழுதியது உண்மை. கொண்டையில் இருப்பது என் முடி என்பதும் உண்மை. அது என் தலையில் முளைத்திருக்கவில்லை, அவ்வளவுதான். அது கறுப்பாக இருந்த காலத்தில் உதிர்ந்தது, அதனால் கறுப்பாகவே இருக்கிறது. தலை மட்டும் வெளுத்துக்கொண்டு வருகிறது.

தினம் காலையில் உன் அண்ணன்தான் பின்னால் நின்று கொண்டை ஊசி குத்துவார். வேறு யாருக்கும் தெரியாது. இப்போது இரண்டு கண்ணாடிகளை எதிரெதிரே வைத்துக்கொண்டு நானே குத்துகிறேன். ஒரு நாள் கோணலாக நிற்கிறது, ஒரு நாள் நேராக நிற்கிறது. கோணலான நாளில் நான் வெளியே போவதில்லை. கோயிலில் என்னைக் காணவில்லை என்றால் முழங்கால் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் அப்படியே விட்டுவிடுகிறேன்.

உபினில் கண்ணாடி ஒன்றுதான் இருக்கிறதாம். எனக்குப் பின்னால் நின்று ஊசி குத்த ஆள் வேண்டும். உன் வலது கை நன்றாகத்தானே இருக்கிறது? உனக்குத் தலை வாரிவிட எனக்கு இரண்டு கையும் இருக்கின்றன. நீ ஆறு வயதுப் பெண்ணாக இருந்தபோது வாரியதுதான், மறந்துவிடவில்லை.

உப்புத் தண்ணீர் பட்டால் சவுரி கெட்டுவிடும். அதனால் கடலுக்குப் போகுமுன் கழற்றிப் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு, குளியலறைப் பலகையில் வைக்கப் போகிறேன். தலையில் ஓலைத் தொப்பியோடு வருவேன். தொப்பியைக் காற்று கொண்டுபோனால் நீயும் பார்க்கத்தான் செய்வாய்.

அன்புடன்,
அண்ணி


தாப்பா ரோடு
25 ஜூலை 1961

என் அண்ணிக்கு,

எல்லாரும் நலம். இதைச் சும்மா எழுதவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன், பிறகு மறுபடி சிரித்தேன். "என்னடி எழுதியிருக்காங்க?" என்று இவர் மூன்று தடவை கேட்டார். "கொய்னா மாத்திரையை மறக்காதன்னு எழுதியிருக்காங்க" என்றேன். நானும் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அண்ணன் தலையணையில் முடி பொறுக்கியதை மட்டும் போட முடியாது, அது உள்ளே இருக்கிறது.

ரப்பர் சப்பாத்து வாங்கியாயிற்று. தொப்பியும் வாங்கினேன். அதை மாட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் நடந்தேன், போர்ட்டர்கள் எல்லாம் சலாம் போட்டார்கள். கண்மணிக்குக் கிள்ளானில் நிச்சயமாகிவிட்டது. நிச்சயம் ஆன மறுநாள் பையனைத் தனியாகக் கூப்பிட்டு அவளே அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டாள், எங்களைக் கேட்காமலே. "அத்தைக்கு இப்ப உடம்பு எப்படி இருக்கு?" என்று என்னைப் பற்றிக் கேட்டானாம். அவ்வளவுதான் கேட்டானாம். அளவு விஷயத்தில் அவள் செய்தது சரிதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.

மெயில் வண்டியில் வருகிறேன் அண்ணி. நீந்த வருமோ வராதோ, தண்ணீரில் நிற்கவாவது செய்வேன். ஒரு சந்தேகம் மட்டும். அந்தப் பிஸ்கட் டப்பா பெரிதா, சின்னதா?

தங்கம்


நாரிஸ் சாலை, சிங்கப்பூர்
29 ஜூலை 1961

என் தங்கத்துக்கு,

நலம். கிள்ளான் பையனுக்கு என் ஆசீர்வாதத்தைத் தனியாகத் தெரிவி. அவனுக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கப் போகிறேன்.

டப்பா பெரியது. உன் பஞ்சுப் பையையும் அதிலேயே போடலாம். நன்றாக மூடும், எறும்பு போகாது.

அங்கி முடிந்து, கஞ்சி போடாமல் இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். ஓமப்பொடி செய்தாயிற்று. தஞ்சோங் பகார் ஸ்டேஷனுக்கு நானே வருவேன். கொண்டை கோணலாக இருந்தாலும் வருவேன்.

எந்தத் தேதி, எந்த வண்டி என்பதை நீ சொல்லவில்லை. ரத்தினம்மா மூலமாகவோ வேறு யார் மூலமாகவோ சொல்லி அனுப்பாதே. உன் கையால் எழுதி, மறு தபாலில் எனக்கு அனுப்பு.

அண்ணி